யூதாஸ் முன்குறிக்கப்பட்டவன் என்றால், அவன்மேல் குற்றம் ஏது?

ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "இயேசு சிலுவையில் மரிக்க வேண்டும் என்பது தேவ திட்டம். அதற்கு ஒருவன் அவரைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். யூதாஸ் அதைத்தானே செய்தான்? அவனை ஏன் குற்றவாளி என்கிறோம்? தேவன்தானே பொறுப்பு?" குடிப்பழக்கத்தை விடாத தம்பி ஒருவர், "எல்லாம் என் தலையெழுத்து, தேவன் அப்படிக் குறித்துவிட்டார்" என்று சொல்லி வருவதையும் எழுதியிருக்கிறார். அதனால் இதை வெறும் தர்க்கமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

திட்டம் இருந்தது உண்மை. வேதம் அதை மறைக்கவே இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேதுரு பேசியதை அப்போஸ்தலர் நடபடிகள் 2:23-இல் பாருங்கள். தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படி இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார். அதே மூச்சில், "நீங்கள் கொலைசெய்தீர்கள்" என்றும் சொல்கிறார். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ளுபடி செய்யவில்லை.

இப்போது யூதாஸின் பக்கம் வாருங்கள். பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதத்தில் பூசினாள். "இதை 300 பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே" என்றான் யூதாஸ். பணப்பை அவன் கையில்தான் இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்டும் இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். பிரதான ஆசாரியர்கள் அவனைத் தேடி வரவில்லை. அவனாகவே போய், "எனக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று பேரம் பேசினான். 30 வெள்ளிக்காசு. மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் அவனுடைய எஜமானுக்குக் கொடுக்கும்படி யாத்திராகமம் 21 சொல்லும் தொகை அது!

சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். ஆம். ஆனால் பையில் கை வைத்த ஒவ்வொரு நாளும் அவனே கதவைத் திறந்து வைத்திருந்தான்.

அவன் காட்டிக்கொடுத்த அந்த இரவில் இயேசு என்ன செய்தார்? சீஷர்களின் கால்களைக் கழுவினார். யூதாஸும் அங்கே இருந்தான். அப்பத் துணிக்கையைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்தார். கெத்செமனேயில் அவன் முத்தமிட்டபோதுகூட, "சிநேகிதனே" என்றுதான் அழைத்தார். ஒருவனைப் பாவத்துக்குள் பிடித்துத் தள்ளுகிறவர் இப்படியா நடந்துகொள்வார்?

திட்டமும் மனிதனின் விருப்பமும் எப்படி இணைகின்றன என்பதில் சபை பிளவுபட்டது உண்மைதான். நெதர்லாந்தில் அர்மீனியுஸ் என்ற இறையியலாளரின் வழியினர், கடுமையான முன்குறித்தல் போதனைக்கு 1610-இல் தங்கள் மறுப்பை முன்வைத்தார்கள். அவர்களுடைய போதனையை 1618-19-இல் டோர்ட் நகரில் கூடிய சபை மாமன்றம் நிராகரித்தது. ஆனால் முன்குறித்தலை அவ்வளவு உறுதியாகப் பிடித்த அந்த மாமன்றமே, அவிசுவாசத்துக்கும் பாவங்களுக்கும் காரணம் மனிதனிடத்தில் இருக்கிறது, தேவனிடத்தில் இல்லவே இல்லை என்று எழுதி வைத்தது. உங்கள் தம்பி சொல்வதை எந்தப் பக்கமும் ஏற்கவில்லை. இணைப்பு எப்படி என்று எனக்கு முழுவதும் விளங்கிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். பழியைத் தேவன்மேல் போடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. அதே இரவில் பேதுருவைப் பற்றியும் இயேசு முன்னறிவித்தார்: சேவல் கூவுமுன் மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று. அப்படியே நடந்தது. "ஆண்டவரே, நீர் சொன்னபடிதானே நடந்தது" என்று பேதுரு வாதாடவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதான்.

யூதாஸும் அப்படி வாதாடவில்லை! மத்தேயு 27-இல் அந்தக் காசைத் திரும்பக் கொண்டுவந்து, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்கிறான். தேவன் செய்யவைத்தார் என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அதை ஆசாரியர்களிடம் போய்ச் சொன்னான். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான். பேதுருவுக்கோ கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, உயிர்த்தெழுந்த இயேசு காத்திருந்தார்.

தம்பி குடிக்காமல் இருக்கும் ஒரு காலை நேரத்தில், யோவான் 21-ஐ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.