டீச்சர் போகட்டும், அவர் இடம் காலியாகக் கூடாது

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நடந்த பிரிவு உபசார விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பந்தலும் மைக் செட்டும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கேட்டு மனு எழுதியபோது முதல் கையெழுத்து அவருடையது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். டீச்சர் நமக்குச் செய்தது, புதிய பள்ளியில் அவர் செய்யப்போவது, அப்புறம் அவர் போன பிறகு நம் பிள்ளைகளின் கதி.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? நான் ஏறும் மேடையெல்லாம் இதைச் சொல்கிறேன். கழித்தல் வராமல் அழும் பிள்ளையின் கையில் டீச்சர் புளியங்கொட்டையை அள்ளி வைப்பார். "ஆறு கொட்டை எனக்குக் கொடு, மிச்சம் உனக்கு" என்பார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணும். சிலேட்டில் வராத கணக்கு கையில் வந்துவிடும். இப்படி 12 வருடம் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்தவர், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் தேறி, மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலைத் தமிழாசிரியராகப் போகிறார். நமக்குப் பெருமைதான்.

1921ஆம் வருடம். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் மைசூரில் தத்துவப் பேராசிரியர். கல்கத்தா பல்கலைக்கழகம் அழைக்கிறது. புறப்படும் நாளும் வந்துவிட்டது. ரயிலடிக்குப் போகக் குதிரை வண்டி நிற்கிறது. மாணவர்கள் வண்டி முழுக்கப் பூவால் அலங்கரித்தார்கள். சரி, பூ வைப்பது எங்கும் உண்டு. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? குதிரையை அவிழ்த்துவிட்டார்கள்! எங்கள் வாத்தியாரைக் குதிரை இழுப்பதா என்று, அத்தனை பேரும் சேர்ந்து ரயிலடி வரைக்கும் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் அங்கே பாடம் நடத்தியது 1918லிருந்து மூன்று வருடம்தான். மூன்று வருடத்துக்கே அந்த மரியாதை! அதே திருத்தணிப் பக்கம், வெளியகரம் அரசுப் பள்ளியில் 2018இல் மாறுதல் வந்த ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது மறித்ததைப் பத்திரிகையில் படம் படமாகப் பார்த்தோம்.

மைசூரில் வண்டி இழுத்தவர்கள் வாலிபர்கள். வாத்தியார் போனாலும் புத்தகத்தைப் பிரித்துத் தாங்களே படித்துக்கொள்வார்கள். நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கவே ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஐந்தில் வளைக்க ஆளில்லாமல் போனால், ஐம்பதில் யாரைக் குற்றம் சொல்வது?

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 26. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. நம் பள்ளியில் ஆசிரியர் இரண்டே பேர். டீச்சர் போனால் பாதி காலி. தலைமை ஆசிரியர் ஐயா ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்து, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவும் போட்டு, கூட்டம் என்றால் ஒன்றியத்துக்கும் ஓட வேண்டும். அவர் ஓடுகிற அன்று கரும்பலகையில் யார் எழுதுவது?

அம்மா அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். டீச்சரை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பணியிலிருந்து விடுவித்து அனுப்புங்கள். அவருடைய முன்னேற்றத்துக்கு நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் அதே நாளில், உபரி ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் இங்கே அனுப்புங்கள். நிரந்தர ஆசிரியர் வரும்வரை அவர் இருக்கட்டும். எந்த ஊரில் எந்த ஆசிரியர் போனாலும், போகிறவருக்கும் வருகிறவருக்கும் ஒரே நாளில் ஆணை போட வேண்டும். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது இது ஒன்றுதான்.

இரண்டாவது செய்தியை டீச்சரே ஏற்புரையில் சொல்லட்டும். மாற்று ஆசிரியர் கேட்கும் மனு அந்த மேசையில் இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கத் தலைவர் சம்மதித்திருக்கிறார். டீச்சருக்குப் பொன்னாடை போர்த்த அவரையே அன்போடு அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.