பிழைக்கப் போனவர்கள் பட்ட பாடு: அன்றே!

நடுவர் அவர்களே, மேலூர்ப் பொதுமக்களே, வணக்கம். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் அதிகம் பாடுபட்டது அன்றா, இன்றா என்று தலைப்பு. அன்றுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கை குவைத்தைச் சொன்னார். 2024 ஜூன் 12, மங்காஃப் தீ விபத்து. இறந்தவர்களில் ஏழு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் தங்கச்சி, 14ஆம் தேதியே விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. பெட்டியில் பெயர் இருந்தது. விழுந்து அழ வீட்டுக்கு ஓர் உடல் வந்தது.

கண்டிச்சீமைக்கு, அதான் இலங்கை மலைத் தோட்டத்துக்குப் போனவனுக்கு? வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட்ட காலம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பார். நம் பக்கத்து ஆட்கள் கடற்கரை வரைக்கும் நடை, அப்புறம் தோணியில் மன்னார். இறங்கினால் ரயிலா நின்றது? மாத்தளைக்குச் சுமார் 150 மைல், காட்டுக்குள்ளே மறுபடியும் நடை. காய்ச்சல், காலரா. விழுந்தவன் விழுந்த இடம்தான். கூட்டம் நிற்காது, நின்றால் கஞ்சிக்கு அரிசி காணாது. இங்கே அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றவா, வைத்துக்கொள்ளவா? சொல்லி அனுப்ப ஆள் ஏது?

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று எதிரணி அண்ணன் முழங்கினார். மதுரையில் குஞ்சரத்தம்மாள் கஞ்சி ஊற்றிய தாது வருஷப் பஞ்சம், 1876-78. அப்போது கடல் தாண்டியவன் திரவியமா தேடினான் அண்ணே? சோறு தேடினான்.

சரி, கடனுக்கு வருவோம். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கிறான் என்றார்கள். அநியாயம்தான். ஆனால் அன்று தோட்டத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இந்தக் கூலிகளுக்கு இவ்வளவு கடன், கட்டுகிறவர் கூட்டிப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டினால் ஆள் அங்கே. கடன் தீர்ந்ததா? கடன் கொடுத்தவன்தான் மாறினான். நம்ம மாட்டுத்தாவணியில், பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முந்தி, இப்படித்தான் கைமாறும். ஆனால் அங்கே நின்றது மாடு! 1921இல்தான் துண்டைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இன்று துபாய் வேலை ஒத்துவரவில்லையா, திரும்பி வந்து பெருங்குடி ஏர்போர்ட்டில் இறங்கலாம். இறங்கினால் அவன் ஊர்க்காரன். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு 1948இல் குடியுரிமை இல்லை என்றது அந்த நாடு. 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு. அந்தக் கணக்கில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்தவர்களை நாம் என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? அங்கே அவர்கள் இந்தியாக்காரர்கள். இங்கே, நம் வாயில், 'சிலோன்காரங்க'.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். உட்காருகிறேன்.