ஸ்மோங் என்றொரு சொல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வாய்வழியாக வந்த கதைகளில் மனிதருக்குப் பெரிதும் துணை நின்றது கற்பனையில் பிறந்த நாட்டார் கதையா, நடந்ததைச் சொல்லும் பழமரபுக் கதையா என்பது தலைப்பு. பழமரபுக் கதையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் சின்ட்ரெல்லாவை அழைத்து வந்தார். 9-ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தில் யே சியான் என்ற பெயரில் அவள் ஏட்டில் ஏறிவிட்டாள் என்றார். உண்மைதான். கானாவின் அக்கான் மக்கள் சொல்லும் அனன்சி என்ற சிலந்தி, அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு ஜமைக்கா வரை போனதையும் சொன்னார். சங்கிலி பூட்டப்பட்டவர்களுக்கு, சின்னஞ்சிறு சிலந்தி பெரிய மிருகங்களைப் புத்தியால் வெல்லும் கதை எவ்வளவு தெம்பு தந்திருக்கும்! அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கதைகளால் எப்படி அவ்வளவு தூரம் போக முடிந்தது? 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்கிறோமே, எந்த ஊர், எந்த ராஜா என்று யாராவது கேட்கிறோமா? ஊரையும் காலத்தையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவை பயணம் போகின்றன. பழமரபுக் கதை எதையும் இறக்கி வைக்காது. இந்த மலைதான், இந்தக் கடல்தான் என்று விரல் நீட்டிக் காட்டும்.

அமெரிக்காவின் ஓரிகனில் ஓர் ஏரி. பாதாளத் தலைவன் லாவோவும் வானத்துத் தலைவன் ஸ்கெல்லும் மோதியதில் ஒரு மலை உள்ளே இடிந்து அந்த ஏரி உண்டானது என்பார்கள் கிளமத் மக்கள். அங்கே எரிமலை வெடித்துச் சரிந்தது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் என்கிறது நிலவியல். தெய்வங்கள் வருவதால் இது புராணம் என்று எதிரணி மறுக்கலாம். குறிப்பிட்ட ஒரு மலைக்கு நேர்ந்ததைச் சொல்வதால் என் அணிக்கே உரியது என்பேன்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று என்னிடம் இருக்கிறது.

இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெலுவே என்றொரு தீவு. 1907-ல் ஆழிப்பேரலை அங்கே பேரழிவை உண்டாக்கியது. தப்பியவர்கள் அந்த அலையை ஸ்மோங் என்றார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நஃபி-நஃபி மரபில் அது தங்கிவிட்டது. நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் நிற்காதே, மேட்டுக்கு ஓடு. அந்தக் கதையின் உயிர் இவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று அன்று கிடையாது. நில நடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் ஒன்று சிமெலுவே. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. எதிர்க்கரையில், அச்சே பகுதியில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த சிமெலுவேயில் இறந்தவர்கள் 7 பேர்.

'ஸ்மோங்! ஸ்மோங்!' என்று கத்திக்கொண்டே மேட்டுக்கு ஓடினார்கள், நடுவர் அவர்களே. 97 ஆண்டுகளுக்கு முந்தைய அலையை அவர்களில் அநேகமாக யாரும் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்டிருந்தார்கள்.