ஸ்விட்ச் போட்ட முதல் நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சுங்க, புதுசு மாட்டினோம், அதுவும் விட்டு விட்டுத்தான் எரியுதுங்க." பல்லடம், சோமனூர் தறிக்கூடங்களிலும் திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளிலும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. எஸ்.எம்.பி.எஸ். என்பது ஏ.சி. மின்சாரத்தை மெஷினுக்கு வேண்டிய 24 வோல்ட் டி.சி.-யாக மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி. புதியதும் அதையே செய்கிறது என்றால், கழற்றிப் போட்ட பழையது பெரும்பாலும் நல்ல பெட்டிதான். சந்தேகம் இருந்தால் அவுட்புட் வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வையுங்கள். 24 வோல்ட் ஆடாமல் நின்று, வயரை மாட்டியதும் பச்சை விளக்கு 'டிக், டிக்' என்று துடித்தால் கோளாறு லோடு பக்கம், அதாவது பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மோட்டார், வால்வு பக்கம்.

லோடுக்கு இரண்டு முகம் உண்டு. ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும் டி.சி. மோட்டார், புறப்படும் கணத்தில் 20, 25 ஆம்பியர் கேட்கும். 10 ஆம்பியர் பவர் சப்ளை அவ்வளவு தராது. 11, 12-லேயே கையை இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வகை, ஓவர்லோடு கண்டதும் அணைந்து, சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். மோட்டார் இன்னும் நின்ற நிலையில்தான் இருக்கும், மறுபடி அணையும். நாளெல்லாம் இதே ஆட்டம். இன்னொரு வகை அணையாது. வோல்ட்டேஜைத் தாழ்த்திக்கொண்டு கரண்ட்டை விடாமல் கொடுக்கும், மோட்டாரும் மெல்லச் சுழன்று வேகம் பிடிக்கும். மோட்டாருக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் வாங்க வேண்டியது இந்த இரண்டாம் வகை. சில நொடிகளுக்கு ஒன்றரை மடங்கு தரும் பெட்டிகளும் உண்டு; விலை கூடுதல்தான், ஆனாலும் தகும்.

அப்படி வோல்ட்டேஜ் தாழும்போது அதே லைனில் மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி. இருந்தால் அது ரீசெட் ஆகி மெஷின் நின்றுவிடும். ஆகவே பி.எல்.சி.-க்கும் சென்சாருக்கும் தனியாக ஒரு சின்ன சப்ளை, மோட்டாருக்கும் வால்வுக்கும் வேறொன்று. பேனல் கட்டும்போது இதில் மிச்சம் பிடிப்பது எனக்கு ஒப்பாத சிக்கனம்.

ஷார்ட் ஆனால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. விஷயத்திலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. சி வகை 6 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ, ஏ.சி.-யிலேயே 30 முதல் 60 ஆம்பியர் வேண்டும், டி.சி.-யில் இன்னும் அதிகம். நம் சப்ளை தருவதோ 12. ஒரு வால்வு வயர் ஷார்ட் ஆனால் எம்.சி.பி. விழாது, பேனல் முழுக்க இருட்டாகும். ஒவ்வொரு கிளைக்கும் எலக்ட்ரானிக் பிரேக்கர் போட்டால் கெட்ட கிளை மட்டும் துண்டிக்கப்படும்.

காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இயங்கும் சோலனாய்டு வால்வையும், அதேபோல் இயங்கும் ஸ்விட்சான ரிலேயையும் அணைக்கும்போது அந்தக் காயில் சில நூறு வோல்ட் வரை திருப்பி உதைக்கும். அதை அடக்க காயிலின் இரு முனைக்கும் குறுக்கே மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று போதும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் நேரடி ஷார்ட். ஆனால் டயோடு போட்ட காயில் வால்வைக் கொஞ்சம் தாமதமாகத்தான் விடும். காற்றை ஊதி ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நிமிடத்துக்கு 600 முறை ஓட்டும் ஏர்ஜெட் தறியில் வால்வு நொடிக்கு 10 முறை திறந்து மூட வேண்டும். அங்கே வெறும் டயோடு ஒத்துவராது, டயோடுடன், காயிலைச் சீக்கிரம் விட வைக்கும் ஜீனர் டயோடும் சேர்க்க வேண்டும்.

மோட்டாரைச் சடாரென்று நிறுத்தினால் அது ஜெனரேட்டராக மாறி 24 வோல்ட் லைனை 30-க்கும் மேலே தூக்கும். ஓவர்வோல்ட்டேஜ் என்று சப்ளை படுத்துக்கொள்ளும். பல பெட்டிகளில் மெயினை அணைத்துப் போட்டால்தான் திரும்ப எழும். சப்ளைக்கும், மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கும் நடுவே தடுப்பு டயோடு வைத்து, அந்த மின்சாரத்தை டிரைவ் பக்கம் பிரேக் ரெசிஸ்டரில் எரித்துவிடலாம்.

அடுத்து வயர். 1.5 சதுர மி.மீ. வயரில் 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.8 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். பெட்டியில் 24 காட்டும், வால்வில் 20 இருக்கும். பத்து சதவீதம் குறைந்தாலும் இயங்கும் என்று வால்வில் போட்டிருந்தால் அதன் எல்லை 21.6. வால்வு இயங்கலாம், இயங்காமலும் போகலாம். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு ஒன்றரை வோல்ட்தான். அளப்பதையும் எல்லா வால்வும் ஆனில் இருக்கும்போது, வால்வு முனையிலேயே அளக்க வேண்டும்.

கடைசியாகச் சூடு. கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் மூடிய பேனலுக்குள் 55 சாதாரணம். பல சப்ளைகள் 50 டிகிரி வரைதான் முழு லோடு தாங்கும். அதற்கு மேல் டிகிரிக்கு இரண்டரை சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்லும் வகையில் 10 ஆம்பியர் பெட்டி 8.75 ஆகிவிடும். காற்றுத் துளையில் பஞ்சு அடைத்திருந்தால் அதுவும் கிடைக்காது. பெட்டிக்கு மேலும் கீழும் நாலு விரல் இடம் விட்டு, வாரம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு வேக்குவம் கிளீனரால் பஞ்சை உறிஞ்சி எடுங்கள். ஏர் கன் வேண்டாம். அது பஞ்சை உள்ளே தள்ளிவிடும்.