வரைந்தவர் இல்லாத ஆடுகளம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோல்ஃப் என்றதும் செல்வந்தர்களின் வேலியிட்ட தோட்டம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ‘பழைய ஆடுகளம்’ அப்படிப்பட்டதன்று. அது ஊர்ப் பொது நிலம். அங்கே விளையாட ஊராருக்கு உள்ள உரிமையை 1552-ஆம் ஆண்டின் சாசனமே ஏற்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு வழக்கமாக விடுமுறை. ஊர்மக்கள் நாய்களோடு அதில் உலவி வருவார்கள்.

இதை வரைந்தவர் இன்னார் என்று ஒருவரையும் சுட்ட இயலாது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு உதவாமல் கிடந்த மணற்பாங்கான புல்வெளி அது. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் தேய்த்த பள்ளங்களே பின்னாளில் பங்கர்கள் எனப்படும் மணற்குழிகளாயின என்பது வழிவழியாக வரும் செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் ஆடுகளப் பராமரிப்பாளர் ஓல்ட் டாம் மாரிஸ் சில திருத்தங்கள் செய்தார். எனினும் அடிப்படை அமைப்பு நிலம் தந்ததுதான். குழி என்பது பந்து விழ வேண்டிய இலக்கு; அதை நோக்கிய ஆட்டப் பகுதிக்கும் அதுவே பெயர். 22 குழிகளாக இருந்த ஆட்டச் சுற்று 1764-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. போகும் ஆட்டமும் திரும்பும் ஆட்டமும் ஒரே நிலத்தில் நடப்பதால் கிரீன்கள் எனப்படும், குழியைச் சுற்றிய மழமழப்பான புல்தரைகளில் ஏழு இரண்டிரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. அவ்வாறு இணையும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்.

முதன்முறை ஆடுபவருக்கு இந்த இடம் ஏமாற்றமளிக்கக்கூடும், ஏனெனில் ஃபேர்வேக்கள் எனப்படும், கிரீன் வரை நீளும் புல்வெளிப் பாதைகள் அவ்வளவு அகலமானவை. ஆனால் எங்கு அடித்தாலும் பந்து தப்பிப் பிழைக்கும் என்பது வேறு, அடுத்த அடிக்கு வழி கிடைக்கும் என்பது வேறு. இதை 17-ஆம் குழியைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றுண்டா என்பது எனக்கு ஐயமே. அங்கே வலப்புறத்து ஓட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலாகப் பந்தை அனுப்பத் துணிந்தவருக்குக் கிரீனை நோக்கி நல்ல கோணம் அமைகிறது. வளாகத்துக்குள் விழுந்தாலோ தண்டனை அடி. அஞ்சி இடப்புறம் ஒதுங்கியவருக்கும் கிரீனுக்கும் இடையே ஆழமான ரோடு பங்கர் வாய் திறந்து நிற்கிறது. அதைத் தாண்ட ஓங்கி அடித்தால், குறுகலான கிரீனைக் கடந்து பந்து பின்னாலுள்ள சாலையில் போய் விழுகிறது.

கோல்ஃபின் புகழ்பெற்ற பட்டப் போட்டியான ஓபனில், 1978-இல், ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடிகளில் இந்தக் கிரீனை எட்டிவிட்டார். அடுத்து அவர் மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு அந்தப் பங்கருக்குள் இறங்கியது. குழியை முடிக்கையில் அவர் கணக்கு 9 அடிகள். 2000-இல் டைகர் உட்ஸ் நான்கு சுற்றுகளிலும் இந்த ஆடுகளத்தின் 112 பங்கர்களில் ஒன்றில்கூட விழாமல் வென்றார். அதைப் பலர் வலிமையின் வெற்றி என்பார்கள். நான் வழியறிந்தவரின் வெற்றி என்பேன்.

அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921 ஓபனில் இங்கே மூன்றாம் சுற்றில், 11-ஆம் குழியின் பங்கரில் சிக்கி, மனம் கசந்து பாதியிலேயே ஆட்டத்தைக் கைவிட்டார். 1927-இல் அதே மண்ணில் ஓபன் பட்டத்தை வென்றார். பின்னர் ஆடுகள வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சியுடன் சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா ஆடுகளத்தை வடிவமைத்தபோது, ஃபேர்வேக்களை அகலமாகவே விட்டார். பங்கர்களையும் மிகச் சிலவாகவே வெட்டினார்.