பின்வேலியோரம் ஆறடி

நேயர்களுக்கு வணக்கம்.

நாவற்குடா, நொச்சிமுனை, தாழங்குடா, புன்னைச்சோலை, மருதமுனை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து இந்த ஊர்ப்பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாவல், நொச்சி, தாழை, புன்னை, மருது என்று ஒரு நாற்றுமேடையே வரிசையில் வந்து நிற்கும். வீட்டு வளவில் குருவியும் வண்ணத்துப்பூச்சியும் தங்குவதற்கு எதை நடலாம் என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. புளியந்தீவை மட்டும் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். புளி ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம். வந்து வெகுகாலமானதால் உறவாக்கிக்கொண்டோம்.

குளிர்நாடுகளில் வசந்தம் பிறந்ததும் கன்று நடுவார்கள். பனி கரைந்து மண் இளகும் நேரம் அது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மண்ணை இளக்குவது வாடைக்காற்றோடு வரும் மாரிமழை. ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை முடியும்வரை நட்ட கன்றுக்குத் தை மாதம் வரை வானமே தண்ணீர் ஊற்றும். இந்தப் பங்குனியில் நட்டாலோ, வேர் பிடிக்குமுன் ஆறு மாதக் கோடை தொடங்கிவிடும். அதனால் இப்போதைய வேலை இடம் ஒதுக்குவதும், விதை சேர்ப்பதும், நாற்றுப் போடுவதும்தான்.

முதலில் இடம். வெள்ளை மணல் முற்றத்தைக் காலையில் கூட்டிவிடுவது எங்கள் வழக்கம். அதை விடச்சொல்லி யாரிடமும் வாதாட வேண்டாம், வென்றவர் இல்லை. பின்வேலியோரம் ஆறடி அகலத்தை மட்டும் கேளுங்கள். அந்த ஆறடிக்குள் ஈர்க்குமாறு போகக்கூடாது, சருகு எரிக்கக்கூடாது. சருகுக்குள்தான் மண்புழுவும் பூச்சியும் இருக்கும். புலுனிக் குருவிக் கூட்டம் கிளறித் தின்பதும், தேரையும் அரணையும் ஒதுங்குவதும் அங்கேதான்.

சருகை விட்டால் பாம்பு வரும் என்பார்கள். பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். எலியைக் கூப்பிடுவது குசினிப் பக்கம் அடுக்கிய நெல்மூட்டையும் சிந்திய கோழித்தீனும். சருகு விட்ட அந்த ஆறடிப் பட்டைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் குறைந்தது பதினைந்து அடி வெளியாக இருக்கட்டும். அந்த வெளியை வழக்கம்போலக் கூட்டுங்கள். இரவில் கிணற்றடிக்குப் போகும்போது டோர்ச் கையில் இருக்கட்டும். புடையன் பாம்பு சருகு நிறத்திலேயே கிடக்கும்.

வேலிக்கு வருவோம். மதில் கட்டாதவர்கள் உயிர்வேலி போடலாம். முள்முருக்கில் கதியாலை, அதாவது வேலித்தடியை, ஐந்தடி நீளத்தில், கைமணிக்கட்டுத் தடிப்பில் வெட்டி, ஓரடி ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி, எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. இடையில் நொச்சித் தடியும் ஊன்றலாம். வெட்டிய அன்றே ஊன்றினால் வெயில் முனையைக் காய வைத்துவிடும் என்ற பயம் இருந்தால், மேல்முனையில் சாணியை அப்பிவிடுங்கள். அதன்மேல் ஆதண்டை படர்ந்தால் ஆடும் நுழையாது, குருவிக் கூட்டுக்குப் பூனையும் ஏறாது. முருக்கு இலையுதிர்ந்து பூக்கும் கோடையில் மைனாவும் தேன்சிட்டும் தேனுக்கு வரும். மதில் ஏற்கனவே இருக்கிறதென்றால், தரையோடு ஓரிரு இடத்தில் ஐந்து அங்குலத் துவாரம் விடுங்கள். தேரைக்கு அது போதும், தெருநாய்க்குப் போதாது.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூ அதற்குச் சாப்பாட்டுக்கடை மாதிரி. முட்டையிட்டு வளர்க்க, அதன் புழு தின்னும் இலை வேண்டும். குரோட்டனும் காகிதப்பூவும் நிறைந்த வளவில் வண்ணத்துப்பூச்சி பறந்துபோவதைப் பார்க்கலாம், பெருகுவதைப் பார்க்க முடியாது. கறிவேப்பிலையிலும் தேசியிலும் கறுப்பும் மஞ்சளுமான பெரிய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு முதலில் குருவி எச்சம்போல இருக்கும், பிறகு இலைப்பச்சையாகும். மருந்தடிக்க வேண்டாம். வளர்ந்த மரம் இதனால் சாவதில்லை. ஓரடிக் கன்றில் மூன்று புழு இருந்தால் மட்டும் மொட்டையடித்துவிடும். அப்போது புழுவை இலையோடு பெரிய மரத்துக்கு மாற்றுங்கள். எருக்கலையில் செம்மஞ்சள் வரியன் முட்டையிடும். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஈச்சுரமூலிக் கொடி ஒன்று வேலியில் ஏறினால், சிவப்பு உடம்புக் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் தானாக வரும். அந்தக் கொடியை மருந்தென்று அவித்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொன்றை இலையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வளரும். தெத்திப் பூவில் தேன் குடிக்க எல்லாமே வரும், பழத்தைக் கொண்டைக்குருவி எடுத்துக்கொள்ளும்.

மரங்களில் நாவல், நறுவிலி, இலந்தை மூன்றும் பறவைக்கு நல்லவை. நாவலை வீட்டிலிருந்தும் உடுப்புக் கொடியிலிருந்தும் பதினைந்து அடி தள்ளி நடுங்கள். வௌவால் எச்சக் கறை போகாது. ஆலும் அரசும் வீட்டு வளவுக்கு வேண்டாம். கிணற்றுக்கட்டையும் அத்திவாரத்தையும் வேர் பிளந்துவிடும். கோயில், பள்ளிவாசல் காணிகளில் இடம் இருந்தால் அங்கே வளரட்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்குக் கூரையருகே உயர்ந்த மரம் ஏன் கூடாதென்று விளக்கத் தேவையில்லை.

வாவியோரக் காணிகளில் ஆடி, ஆவணியில் கிணற்றுநீர் உவர்க்கும். நாவல் கன்றின் இலைவிளிம்பு கருகினால் காரணம் பெரும்பாலும் அதுதான். அங்கே புன்னை, பூவரசு, தாழை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புறத்திலும் காட்டோரம் இருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. விளாம்பழ வாசனைக்கு யானை வரும், வாழைக்கும் வரும். அங்கே வீட்டருகில் விளா வைக்காதீர்கள். நொச்சி, ஆடாதோடை, தேசி போதும். தேசியை யானை பொதுவாகச் சீண்டாது, வண்ணத்துப்பூச்சிக்கோ அது பிள்ளைத்தொட்டில்.

பட்டமரத்தை மரங்கொத்திக்காக விடுங்கள் என்று எங்கும் எழுதியிருக்கும். தென்னை ஊரில் அதை அப்படியே எடுக்க முடியாது. உக்கும் தென்னங்குற்றிக்குள் குருத்தைத் துளைக்கும் கருவண்டு பெருகும். தென்னங்குற்றியை அறுத்து அகற்றுங்கள். மற்ற மரத்துக் கட்டைகள் கிடக்கட்டும். எருக்குவியலையும் மாதமொருமுறை கிளறி, வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

பறவைக்குத் தண்ணீர் வைப்பவர்கள் இரண்டு அங்குல ஆழமுள்ள அகன்ற மண்தட்டில், நடுவே ஒரு கல்லோடு, மூன்றடி உயரத்தில் வையுங்கள். பற்றையிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருந்தால் பூனை பதுங்கிப் பாய முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது.

இனி நாற்று. கொன்றைக் காய் இப்போது கறுத்துத் தொங்குகிறது. விதைத்தோல் கடினம். சீமெந்துத் தரையில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, ஒருநாள் முழுக்க ஊறப்போட்டு ஊன்றுங்கள். தேய்க்காமல் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். நாவல் விதைக்கு இது நேரெதிர்: பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும், இரண்டு கிழமை காய்ந்தால் முளைக்காது. ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளை வரும், திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பொலித்தீன் பையில் செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. கன்றை ஓராண்டுக்கு மேல் பையில் வைத்தால் வேர் சுருண்டுவிடும். அந்தக் கன்று நட்டபின்பும் சுருண்டபடியே தடித்து, காற்றுக்குச் சாயும். ஒதுக்கக் காட்டில் கன்று பிடுங்கி வருவதை நினைக்கவே வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

நடும்போது இரண்டடிக் குழி. மணல் தண்ணீரைப் பிடிக்காது என்பதால், அடியில் தேங்காய் மட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பி, எருக் கலந்த மண்ணால் மூடுங்கள். மேலே மூன்று அங்குலம் சருகு. தண்டைத் தொடாமல் நான்கு விரல் விட வேண்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறும். கச்சான் காற்று வரும் மேற்குப்பக்கம் ஒரு கிடுகு.

கடைசியாக, ஊர்கூடி வேலைசெய்யும் சிரமதானம். மண்வெட்டியோடு முப்பது பேர் வந்தால் முதலில் நடப்பது எல்லாவற்றையும் செருக்கிக் குவித்துக் கொளுத்துவது. அதனால் முதல்நாளே இருவர் போய், விடவேண்டிய இலந்தை, ஆதண்டை, நறுவிலிக் கன்றுகளில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். பிடுங்க வேண்டியது பார்த்தீனியக் களையும் இப்பில் இப்பில் மரக்கன்றும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், ஈரமண்ணில், வேரோடு, கையுறை போட்டுப் பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும். இழுப்பு உள்ளவர்களை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

எத்தனை கன்று நடுவது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். மணல் தரையில் ஒரு கன்றுக்குக் கிழமைக்கு இருமுறை பத்து லீற்றர். இருநூறு கன்றென்றால் கிழமைக்கு 4,000 லீற்றர். அதை யாரும் ஊற்றப்போவதில்லை. பத்து வீடு சேர்ந்து நாற்பது கன்று நட்டால், வீட்டுக்கு நான்கு கன்று, கிழமைக்கு எட்டு வாளி. அது நடக்கும். ஓட்டை மண்முட்டியைக் கன்றருகே கழுத்துவரை புதைத்து நிரப்பி, வாயை மூடிவிட்டால் பாதித் தண்ணீரிலும் சமாளிக்கலாம். பாடசாலை வளவில் கன்று சாவது பெரும்பாலும் விடுமுறையில்தான்: சித்திரையில், ஆவணியில், முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறையில். ஆள்பெயர் எழுதும் தாளில் நடுகிற நாளுக்கு ஒரு வரி போதும். நட்டபின் வரும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு பெயர், கேற் திறப்பு யாரிடம் என்பதோடு, இப்போதே எழுதிவிடுங்கள்.

வணக்கம்.