கடலில்லாத ஊர்க்காரர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நம்ம ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். சின்ன வயதில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றபோது கீழே சேலம் முழுக்கப் பனியில் மூழ்கிக் கிடந்தது. "கடல் இப்படித்தான் இருக்கும் கண்ணு" என்று அப்பா காட்டினார். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

போன டிசம்பரில் நானும் வீட்டுக்காரரும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போயிருந்தோம். அங்கே டிசம்பர் கோடைக்காலம். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. கோல்டன் மைல் என்ற கடற்கரை நடைபாதைக்கு இறங்கினால், ஊரே அங்கே நிற்கிறது. அலைச்சறுக்குப் பலகையை இடுக்கிக்கொண்டு ஓடும் பையன்கள், தூண்டில்காரர்கள், மணிகளும் கொம்புகளும் வைத்த பெரிய தலைக்கட்டோடு ரிக்‌ஷா இழுக்கும் ஜூலு ஆட்கள். தண்ணீர் வெதுவெதுப்பு. வடக்கே இருந்து சூடான நீரோட்டம் வருகிறதாம். சுறாவுக்காக 1952-லேயே கடலுக்குள் வலை கட்டிவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது இருக்கும். பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒரு இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை அலைக்கு எதிரே சாய்த்துப் பிடிக்கிறார். மணலும் நுரையுமாக நிரம்புகிறது. கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கிறார். மூன்றாவது அலையில்தான் தெளிந்த தண்ணீர் கிடைத்தது. மூடியை இறுக்கித் திருகி, தோளில் கிடந்த துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தார். பைக்குள் ஏற்கெனவே நாலு பாட்டில்!

கூட வந்த பெண்ணிடம் விசாரித்தோம். ஜோஹன்னஸ்பர்க்காம். அங்கிருந்து கடல் 500 கிலோமீட்டருக்கு மேல். கடல் தண்ணீர் உடம்பையும் வீட்டையும் சுத்தப்படுத்தும் என்று நம்பிக்கை. வர முடியாதவர்களுக்கு எடுத்துப் போகிறார்கள். "என்னங்க, ராமேஸ்வரத்திலிருந்து நாம தீர்த்தம் கொண்டு வரலையா, அதேதாங்க" என்றேன். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் கடலைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றும். அதே மணலில் 1980-களின் கடைசி வரை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று பலகை இருந்தது. அந்தப் பெரியம்மா இளம்பெண்ணாக இருந்தபோது அங்கே கால் நனைத்திருக்க முடியாது.

அப்புறம் சாப்பாடு. பன்னி சௌ என்பார்கள். கால்வாசி ரொட்டியை நிற்க வைத்து, நடுவில் இருக்கும் மெத்தையைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, பிடுங்கிய துண்டையே மேலே மூடி தருகிறார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். மேல் துண்டைத் தொட்டுத் தொட்டுத் தின்று, சுவரைப் பிய்த்துக்கொண்டே இறங்கினால், குழம்பில் ஊறிய அடிப்பாகம் கடைசியில் வரும். நம்ம தட்டுவடை செட்டுக்கு நான் விசுவாசி. ஆனாலும் மூன்று நாள் இதையே சாப்பிட்டேன்.

அந்தக் கடைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாட்டியைப் பற்றிப் பேசும்போது "ஆயா" என்றார். நம்ம பக்கத்து ஆயா! அங்கே டாக்டர் பலகையில், வக்கீல் பலகையில் கோவெண்டர் என்று பெயர் பார்க்கலாம். கவுண்டர்தான் அப்படி ஆகியிருக்கிறது. முதலியார் மூட்லி ஆனார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், கரும்புத் தோட்டத்துக்கு. அன்றைய சேலம் மாவட்டத்து ஆட்களும் அவர்களில் உண்டு. முதல் கப்பல் கிளம்பியபோது மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். கிணற்றையும் ஏரியையும் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள், நேயர்களே! அவர்கள் கடலைப் பார்த்த முதல் நாளே கடலுக்குள் போன நாளாகவும் இருந்திருக்கும்.

தைப்பூசத்துக்கு அங்கே காவடி எடுப்பதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். விக்டோரியா தெரு சந்தையில் மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பதும் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.